கைய விட்டது நான்தானே மேடம்?

கேள்வி:

மேடம், எனக்கு சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போ சென்னைல ஒரு லேப்ல டெக்னீஷியன், வயசு 36. எங்கம்மாவுக்கு மூளைல ரத்தக்கசிவு வந்து திருநெல்வேலில ஒரு ஆஸ்பத்திரில 19 நாள் வென்டிலேட்டர்ல இருந்தாங்க, கடைசில கிட்னியும் போயி டயாலிசிஸ் ஓடுச்சு. இனிமே நாங்க பண்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. அண்ணன் துபாய்ல, "நீ பாத்து முடிவு பண்ணு"ன்னுட்டான். நான்தான் கையெழுத்து போட்டு வீட்டுக்கு கூட்டிட்டு வந்தேன். ஆம்புலன்ஸ்ல வந்த பையன் வழியெல்லாம் மூச்சு குடுக்குற அந்த பேக அமுக்கிக்கிட்டே வந்தான், கட்டில்ல படுக்க வெச்சதும் "எடுத்துரலாமாக்கா"ன்னு கேட்டான், நான் தலைய ஆட்டினேன். அதுக்கப்புறமும் ஒண்ணரை மணி நேரம் மூச்சு இருந்துச்சு, கைய புடிச்சுட்டே உக்காந்திருந்தேன். சாகுற நேரத்துல எண்ணெய் பூசுவாங்களே, அந்த அவஸ்தை பூச ஃபாதர் வந்து கதவ தட்டினாரு. தொறக்கலாம்னு கைய விட்டுட்டு எந்திரிச்சேன், திரும்பி வந்தா அம்மா இல்ல.

ஒரு வருஷம் நாலு மாசம் ஆச்சு. பூசைக்கு போறதில்ல, அங்க குடுக்குற அப்பம், அந்த நன்மையும் எடுக்குறதில்ல. அம்மாவோட ஜெபமாலைய சவப்பெட்டிக்குள்ள வெக்கணும்னு அத்தை கேட்டாங்க, நான் குடுக்கல, ஹேண்ட்பேக்லயே கெடக்கு, தொடக்கூட முடியல. போன மாசம் லேப்ல ஒரு பாட்டிக்கு ரத்தம் எடுக்குறப்போ அவங்க கை அப்படியே எங்கம்மா கையா தெரிஞ்சுது, ஊசிய கீழ வெச்சுட்டு வெளிய ஓடிட்டேன். பைத்தியம் புடிக்குதோன்னு பயமா இருக்கு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம எக்ஸ் ஃபைல்ஸ்னு இங்கிலீஷ் சீரியலோட பழைய சீசன் போட்டேன், ஆல் சோல்ஸ்னு ஒரு எபிசோட் வந்துச்சு, ரெண்டு மணிக்கு தனியா உக்காந்து கதறிட்டேன். அதுல வர்ற ஸ்கல்லி அந்த பொண்ணு கைய விட்டது சரியா மேடம்? நான் விட்டது? எனக்கு வேண்டியது சாமியார்கிட்ட பாவத்த சொல்ற பாவசங்கீர்த்தனமா, கவுன்சிலிங்கா?

பதில்:

உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன்மா. படிச்சு முடிச்சுட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து அந்த எபிசோடையும் திரும்ப ஒருவாட்டி பாத்தேன், ஏன்னா நீங்க கேட்டது சும்மா ஒரு சீரியல் கேள்வி இல்ல, அதுல வர்ற ஒரு காட்சிக்குள்ள உங்க வீட்டு கட்டிலயே பாத்திருக்கீங்க, அத நானும் பாக்காம உங்களுக்கு பதில் சொல்றது சரியா இருக்காதுன்னு பட்டுச்சு. நானும் பூசைக்கு போற வீட்டுலருந்து வந்தவதான், அதனால அவஸ்தைன்னா என்ன, நன்மை எடுக்காம பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்குறதுன்னா என்னன்னு எனக்கு விளக்க வேண்டியதில்ல.

பாக்காதவங்களுக்காக கதைய சுருக்கமா சொல்லிடுறேன். அமெரிக்க எஃப்பிஐல வேல பாக்குற டானா ஸ்கல்லி ஒரு டாக்டர், பிரேத பரிசோதனை பண்றவ, அறிவியல நம்புறவ, அதே நேரம் கழுத்துல சின்ன சிலுவை போட்டிருக்குற கத்தோலிக்க பொண்ணு. அவளுக்கு கேன்சர் வந்து 1997 நவம்பர்ல ஒளிபரப்பான எபிசோட்லதான் அதுலருந்து தப்பிக்கிறா. அடுத்த மாசமே, கிறிஸ்துமஸ் சமயத்துல, எமிலின்னு மூணு வயசு குழந்தைய சான் டியாகோல கண்டுபிடிக்கிறா. தனக்கே தெரியாம தன் கருமுட்டைய எடுத்து எவனோ உருவாக்கின குழந்தை அது. இனிமே தனக்கு குழந்தையே பொறக்காதுன்னு இருந்தவளுக்கு ஒரு மகள், ஆனா அந்த மகள் செத்துக்கிட்டு இருக்கா. இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்க ஏதோ மருந்து இருக்குன்னு தெரிஞ்சும், இந்த குழந்தைய இனியும் சோதனைப்பொருளா வெச்சிருக்க வேண்டாம்னு ஸ்கல்லிதான் முடிவெடுக்குறா. குழந்தை போயிடுது. கடைசில சவப்பெட்டிய தொறந்தா உள்ள குழந்தையே இல்ல, மணல் மூட்டை, அதோட இவ குழந்தைக்கு போட்டுவிட்ட சிலுவைச் சங்கிலி. அவ்வளவுதான் மிஞ்சுது.

ஆல் சோல்ஸ் ஒளிபரப்பானது 1998 ஏப்ரல் 26. எமிலி எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல நாலு மாசம் கொஞ்சம். இந்த கணக்கு ஏன் சொல்றேன்னா, நாலு மாசம் முன்னாடி மகள பறிகொடுத்தவ வேலைக்கு வந்துட்டா, மேஜைல ஃபைல் இருக்கு, எல்லாரும் அவ சரியாயிட்டான்னு நெனச்சுக்குறாங்க. நீங்களும் அப்படித்தானே, பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ முடிஞ்சதும் சென்னைக்கு பஸ் ஏறியிருப்பீங்க, லேப்ல எல்லாரும் ஒரு வாரம் மெதுவா பேசிட்டு அப்புறம் அவங்க அவங்க வேலைய பாத்திருப்பாங்க.

ஈஸ்டர் சமயம். நடக்கவே முடியாத ஒரு 16 வயசு பொண்ணு ராத்திரி மழைல எந்திரிச்சு தெருவுல போயி முட்டி போட்டு, கும்பிடுற மாதிரியே செத்துக் கெடக்குறா, கண்ணு ரெண்டும் பொசுங்கி போயிருக்கு. அவ கூடப்பொறந்தவங்க இன்னும் மூணு பேரு, ஒரே பிரசவத்துல நாலு பொண்ணுங்க, தனித்தனியா தத்து போனவங்க. ஒண்ணொண்ணா சாகுறாங்க. வானதூதருக்கும் மனுஷிக்கும் பொறந்த பிள்ளைங்க, சாத்தான் கைக்கு போறதுக்கு முன்னாடி அவங்க ஆன்மாவ எடுத்துட்டு போக தூதர் ஒருத்தர் வர்றார்னு கதை போகுது. அந்த தூதருக்கு நாலு முகம், மனுஷன், சிங்கம், எருது, கழுகு, எசேக்கியேல் ஆகமத்துல வர்றது மாதிரியே. கடைசி பொண்ணு கைய புடிச்சு ஸ்கல்லி கோவிலுக்குள்ள ஓடிட்டு இருக்கா, எதிர்ல பெரிய வெளிச்சம், திரும்பி பாத்தா கைல இருக்குறது அந்த பொண்ணு இல்ல, எமிலி. "அம்மா, என்னைய விட்டுடு"ன்னு கெஞ்சுறா. ஸ்கல்லி விட்டுடுறா. இவ்வளவு கதையும் எங்கருந்து சொல்றான்னா பாவசங்கீர்த்தன தொட்டிக்குள்ள முட்டி போட்டு, கம்பிக்கு அந்த பக்கம் இருக்குற சாமியார்கிட்ட. அதனாலதான் உங்களுக்கு அப்படி வலிச்சிருக்கு, எனக்கு நல்லா புரியுது.

மொதல்ல உங்க பயத்துக்கு வர்றேன். பைத்தியம் இல்லம்மா. அந்த எபிசோட்லயே ஸ்கல்லி பரிசோதனை மேஜைல படுத்திருக்குற பொண்ண பாக்குறா, அவ கண்ணுக்கு எமிலி தெரியுறா. உங்களுக்கு தெரிஞ்சது ஒரு பாட்டியோட கை. 1971-ல டெவி ரீஸ்னு ஒரு டாக்டர் வேல்ஸ் நாட்டுல புருஷனையோ பொண்டாட்டியையோ இழந்த 293 பேர உக்கார வெச்சு பேசி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாரு, அதுல கிட்டத்தட்ட பாதி பேருக்கு போனவங்க பக்கத்துல இருக்குற மாதிரி உணர்வோ, குரலோ, உருவமோ ஏதோ ஒண்ணு வந்திருந்துச்சு, அதுல நெறைய பேரு அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் வாய தொறந்ததில்ல. எல்லாரும் உங்கள மாதிரிதான், சொன்னா பைத்தியம்னுடுவாங்களோன்னு பயந்துகிட்டு இருந்திருப்பாங்க. தோல் சுருங்கி நரம்பு பச்சையா எழும்பி நிக்குற ஒரு வயசான கைய, கட்ட கட்டி, தட்டி, நரம்பு தேடுற வேல உங்களுது. 19 நாள் அதே மாதிரி ஒரு கைய, ஊசி குத்தி குத்தி நீலம் பாரிச்சு போன கைய, பக்கத்துலருந்து பாத்துட்டு இருந்தவங்க நீங்க. அந்த கை திரும்ப வந்து நின்னதுல ஆச்சரியமே இல்ல. ஊசிய கீழ வெச்சீங்களே, அது ரொம்ப சரி. அந்த பாட்டிக்கும் அதுதான் நல்லது, உங்களுக்கும். முடிஞ்சா ஒரு மாசம் ரத்தம் எடுக்குற கலெக்‌ஷன் வேண்டாம், உள்ள மெஷின்ல இருக்கேன்னு மேலதிகாரிகிட்ட கேட்டுப் பாருங்க.

இப்போ கையெழுத்து. இதுல நான் கொஞ்சம் நேரம் நிக்கப் போறேன், ஏன்னா உங்க லெட்டர்ல மத்த எல்லாத்துக்கும் அடில இருக்குறது இதுதான்னு எனக்கு தோணுது.

கையெழுத்து போட்டது நான்தான்னு எழுதிருக்கீங்க. ஆமா, நீங்கதான். ஆனா எதுக்கு போட்டீங்க? மூளைல ரத்தம் கசிஞ்சு, 19 நாள் வென்டிலேட்டர்ல இருந்து, கிட்னியும் நின்னு போன உடம்புக்கு அந்த மெஷின் என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு லேப்ல ரிப்போர்ட் பாக்குற உங்களுக்கு தெரியும், கிரியேட்டினின் என்ன, பொட்டாசியம் என்னன்னு தினமும் நீங்களே கேட்டு வாங்கியிருப்பீங்க. அம்மா சாகணும்னு நீங்க கையெழுத்து போடல. அம்மா அந்த ஏசி ரூம்ல, டியூப்புக்கு நடுவுல, விசிட்டிங் டைம் அஞ்சு நிமிஷத்துக்குள்ள சாக வேண்டாம், சொந்த கட்டில்ல, மாதா படத்துக்கு கீழ, மகள் கைய புடிச்சுகிட்டு போகட்டும்னு போட்டீங்க. டாக்டர் சொன்னத கேட்டு போட்டீங்க.

சபை இத என்ன சொல்லும்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு, நீங்க எழுதலன்னாலும் நன்மை எடுக்கலன்னு எழுதினதுலயே தெரியுது. கொலைப்பாவம்னு நெனச்சுட்டு இருக்கீங்க. 1957-லயே பன்னிரெண்டாம் பயஸ் பாப்பரசர்கிட்ட மயக்க மருந்து டாக்டருங்க இதே கேள்விய கேட்டாங்க, வென்டிலேட்டர் அப்போதான் வந்த புதுசு. சாதாரண வழிகளத்தான் கட்டாயம் கையாளணும், அதுக்கு மேல போற வழிகள கையாண்டே ஆகணும்னு கட்டாயம் இல்லன்னு அவரு தெளிவா சொன்னாரு. இப்போ இருக்குற திருச்சபை மறைக்கல்வி நூல்ல 2278-வது எண் எடுத்து பாருங்க, பலனுக்கு பொருந்தாத, பாரமான சிகிச்சைய நிறுத்துறது சரியா இருக்கலாம், அதுல சாவ வரவழைக்கிற எண்ணம் இல்ல, தடுக்க முடியலங்குறத ஏத்துக்குறது மட்டும்தான்னு இருக்கு. ரெண்டாம் ஜான் பால் பாப்பரசர் 2005-ல கடைசி நாட்கள்ல ஆஸ்பத்திரிக்கு திரும்ப போகாம வத்திக்கான்ல தன் அறைலயே இருந்து ஏப்ரல் 2-ஆம் தேதி இறந்தாரு. இன்னைக்கு அவர புனிதர்னு கும்பிடுறோம். உங்கம்மாவும் தன் வீட்டுல, தன் கட்டில்லதான் போயிருக்காங்க.

இதெல்லாம் தெரிஞ்சா குற்ற உணர்ச்சி போயிடுமா? போகாதும்மா. அது எனக்கும் தெரியும், நான் இந்த நாற்காலில உக்காந்து எத்தனையோ பேர்கிட்ட இத சொல்லியிருக்கேன், கேட்டுட்டு தலைய ஆட்டிட்டு, "ஆனாலும் மேடம்"னு மறுபடி ஆரம்பிப்பாங்க. அந்த "ஆனாலும்"தான் உங்க நோய். ஏன் அது போக மாட்டேங்குதுன்னா, நான் தப்பு பண்ணிட்டேன்னு நம்புறது ஒரு வகைல தாங்கிக்கக்கூடிய விஷயம், என் கைல எதுவுமே இல்லங்குறதுதான் தாங்க முடியாதது. நான் கையெழுத்து போடலன்னா அம்மா இருந்திருப்பாங்கன்னு நெனைக்கிறப்போ அங்க ஒரு அம்மா இருக்காங்க, பொழச்சு உக்காந்திருக்குற அம்மா. தப்ப நான் கீழ போட்டுட்டா அந்த அம்மாவும் சேர்ந்து போயிடுவாங்களே. அதனாலதான் இறுக்கிப் புடிச்சிருக்கீங்க. நீங்க இன்னும் விடாத கை அதுதான்னு நான் நெனைக்கிறேன், கட்டில் பக்கத்துல விட்ட கைய நெனச்சே இத கவனிக்காம இருக்கீங்க.

அந்த எபிசோட்ல மல்டர்னு அவ கூட வேல பாக்குறவன் வர்றான்ல, வழக்கமா வேற்றுகிரகம், பேயி, எல்லாத்தையும் மொதல்ல நம்புறவன் அவன், ஆராய்ச்சி பண்ணுன்னு சொல்றவ இவ. இதுல மட்டும் மாறிப் போகுது. இவ நம்புறா, அவன் நீ ரொம்ப சொந்த விஷயமா எடுத்துக்குறன்னு சொல்றான். அவன் சொல்றது நியாயம்தான், அவள காப்பாத்தணும்னுதான் சொல்றான், ஆனா அது அவ காதுல ஏறுதா? ஏறல. உங்கள சுத்தி இருக்குறவங்களும், "அதெல்லாம் யோசிக்காத, அம்மா நல்லாத்தான் போனாங்க"ன்னு சொல்லியிருப்பாங்க, அவங்க சொன்னது உண்மை, ஆனா உங்கள யாரும் முழுசா கேட்டு முடிக்கல. தொட்டிக்குள்ள இருக்குற அந்த சாமியார் அப்படி பண்ணல. உடனே மன்னிச்சுட்டேன் எந்திரிச்சு போன்னு அனுப்பல, நீ பண்ணது சரிதான்னு தட்டியும் குடுக்கல. கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காரு. இதுக்கப்புறம் ஒரு வாழ்வு இருக்குன்னு நம்புறியான்னு கேக்குறாரு. உன் இழப்ப உன்னால ஏத்துக்க முடியுமான்னு கேக்குறாரு. அவ ஆமான்னு சொல்லல. ஒருவேள விசுவாசங்குறதே அதுதானோ என்னவோங்குற மாதிரி ஒரு வார்த்தை சொல்றா, அதோட முடியுது. எனக்கு அந்த எபிசோட்ல ரொம்ப பிடிச்சது கோவில் வெளிச்சமும் நாலு முகமும் இல்ல, இந்த முடியாத பேச்சுதான். எங்க தொழில்ல நாங்க பண்ண வேண்டியதும் பெரும்பாலும் இதுதான்.

சரி, ஸ்கல்லி கைய விட்டது சரியான்னு கேட்டீங்க. எனக்கு தெரிஞ்ச நேர்மையான பதில சொல்றேன். கதைக்குள்ள அந்த வெளிச்சம் கடவுள்கிட்டருந்து வந்ததுன்னு வெச்சுக்கிட்டா அவ பண்ணது சரி. கதைக்கு வெளிய நின்னு பாத்தா ஒரு போலீஸ் அதிகாரிய நம்பி இருந்த ஒரு வாயில்லா ஜீவன் செத்துப் போச்சு. அவளுக்கே நிச்சயம் இல்லாததாலதான் அவ அங்க முட்டி போட்டிருக்கா. அதுல எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு, உடம்புல குறையோட பொறந்த நாலு பிள்ளைங்கள தேவதூதர் வம்சம்னு உயர்த்திட்டு, நாலு பேரையும் சாகடிச்சுட்டு, அந்த சாவ ஒரு பெரியவளோட துக்கம் ஆறுறதுக்கு படிக்கட்டா வெச்சுட்டாங்க. அந்த மாதிரி பிள்ளைங்கள தூக்கிட்டு என்கிட்ட வர்ற அம்மாமார் இத பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு நெனச்சுட்டுதான் நான் டிவிய அணைச்சேன். அதனால இந்த எபிசோட நீதிபதியா வெச்சுக்காதீங்க, அவ விட்டது சரின்னா நான் விட்டதும் சரி, அவ தப்புன்னா நானும் தப்புன்னு கணக்கு போட வேண்டாம்.

ஏன்னா உங்களோடது அது இல்லவே இல்லம்மா. அவ ஒரு முடிவா கைய விட்டா. நீங்க கதவ தொறக்க எந்திரிச்சீங்க. எதுக்கு தொறக்க? அம்மாவுக்கு அவஸ்தை பூச ஆள் வந்திருக்காருன்னு. அதாவது கைய விட்ட அந்த நிமிஷத்துலயும் நீங்க அம்மாவுக்கு செய்ய வேண்டியதத்தான் செஞ்சுட்டு இருந்தீங்க. பத்து அடி நடந்திருப்பீங்க, தாழ்ப்பாள தள்ளியிருப்பீங்க. சாகுறவங்ககூட இருந்து பாத்துக்குற நர்ஸுங்க கிட்ட பேசிப் பாருங்க, ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்திருந்த மகன் டீ குடிக்க போன அஞ்சு நிமிஷத்துல போயிட்டாங்க, மகள் பாத்ரூம் போனப்போ போயிட்டாங்கன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. பிள்ளைங்க எந்திரிக்கட்டும்னு காத்திருந்தாங்களோன்னு சில பேரு சொல்லுவாங்க, அது எனக்கு தெரியாது, நிரூபிக்கவும் முடியாது. ஆனா உங்கள மாதிரி அந்த அஞ்சு நிமிஷத்த வருஷக்கணக்கா தூக்கிட்டு அலையுறவங்க ஏராளம்ங்குறது எனக்கு தெரியும்.

அப்புறம் ஒண்ணு. அம்மா இல்லன்னு எழுதினதோட நிறுத்திட்டீங்க. உள்ள வந்த ஃபாதர் என்ன பண்ணாருன்னு எழுதல. சபைச் சட்டத்துல 1005-வது பிரிவு, ஒருத்தர் இறந்துட்டாரா இல்லையான்னு சந்தேகம் இருந்தா எண்ணெய் பூசணும்னுதான் சொல்லுது. நீங்க கதவுகிட்ட போயிட்டு வந்த நேரம் ஒரு நிமிஷம் இருக்குமா? அவரு பூசியிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, அழுகைல உங்களுக்கு நெனவு இல்லாம போயிருக்கலாம். அம்மா அவஸ்தை வாங்காம போயிட்டாங்க, அதுக்கு நான் கதவு தொறந்த நேரம்தான் காரணம்னு உங்களுக்குள்ள ஓடிட்டு இருந்தா, அந்த ஃபாதர போயி பாருங்க, இல்ல ஃபோன் பண்ணுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அவருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும்.

பாவசங்கீர்த்தனமா கவுன்சிலிங்கான்னு கேட்டதுக்கும் இதுலயே பாதி பதில் வந்துடுச்சு. ரெண்டும் வேணும், ஆனா ஒண்ணோட வேலைய இன்னொண்ணுகிட்ட குடுக்காதீங்க. இப்போ இருக்குற நெலமைல நீங்க தொட்டிக்குள்ள போயி எங்கம்மாவ கொன்னுட்டேன்னு சொன்னா, சாமியார் மன்னிப்பு குடுத்தாலும் அது உங்ககிட்ட நிக்காது, அடுத்த வாரம் திரும்ப போவீங்க, அதுக்கடுத்த வாரமும் போவீங்க. இது புதுசு இல்ல, புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல ஸ்பெயின்ல மன்ரேசாங்குற ஊர்ல தங்கியிருந்தப்போ இதே நெலமைல இருந்தாரு, சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்ப சொல்லி, மனசு ஆறாம, குழில குதிச்சு செத்துடலாமான்னு வரைக்கும் போனவரு. பாவமே இல்லாததுக்கு மன்னிப்பு தேடினா அப்படித்தான் ஆகும். அதனால தொட்டிக்கு போறதுக்கு முன்னாடி பங்குச் சாமியாரோட பங்களாவுல பகல் வெளிச்சத்துல உக்காந்து, நடந்தத நடந்தபடி ஒரு தடவ சொல்லுங்க, எங்கிட்ட எழுதினீங்கல்ல, அப்படியே. எது பாவம் எது துக்கம்னு அவரு பிரிச்சு சொல்லட்டும். அம்மாமேல உங்களுக்கு வேற ஏதாவது மனக்குறை இருந்தா, என்னைக்கோ கத்தியிருப்பீங்க, ஃபோன எடுக்காம விட்டிருப்பீங்க, அது எல்லா பிள்ளைங்களுக்கும் இருக்கும், அத கொண்டுபோயி அங்க இறக்குங்க.

கவுன்சிலிங்குக்கும் கட்டாயம் வாங்க, இல்ல உங்க பக்கத்துல ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட பாருங்க. துக்கம் நோய் இல்ல, ஆனா அது ஒரே இடத்துல உறைஞ்சு நின்னு தினசரி வாழ்க்கைய முடக்கினா அதுக்கு இப்போ தனிப் பேரே இருக்கு, நீடித்த துக்கக் கோளாறுன்னு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஆறு மாசத்துக்கு மேல போனா கவனிக்க சொல்லுது, 2022-ல வந்த அமெரிக்க மனநல மருத்துவர்கள் கையேடு பெரியவங்களுக்கு ஒரு வருஷம்னு வெக்குது. உங்களுக்கு அது இருக்குன்னு ஒரு லெட்டர வெச்சு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா பதினாறு மாசம் ஆகியும் தூக்கம் இல்ல, வேலைல ஊசிய வெச்சுட்டு ஓட வேண்டி வந்துச்சு, அம்மா பொருள தொட முடியல, இவ்வளவு போதும் ஒருத்தர பாக்க. ஒண்ணு நேராவே கேக்குறேன், அம்மாகூடவே போயிடலாமான்னு தோணுதா? தோணினா என் பதிலுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, 14416-க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

அண்ணன பத்தி ஒரே வரிதான் எழுதிருக்கீங்க, அதுல கொஞ்சம் கோவம் தெரியுது, இருக்கட்டும், நியாயமான கோவம்தான். பாரத்த பூரா உங்க தலைல வெச்சுட்டாரு. ஆனா "நீ பாத்து முடிவு பண்ணு"ன்னு சொல்லிட்டு ஃபோன வெச்சவருக்கு அந்த ராத்திரி எப்படி போயிருக்கும்னு கேட்டுப் பாத்திருக்கீங்களா? உங்களுக்காவது ஒண்ணரை மணி நேரம் கை கெடச்சுது. இத அவரு பக்கம் நின்னு சொல்லல, ஒரே அம்மாவுக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல தனித்தனியா அழுதுட்டு இருக்கீங்களேன்னுதான் சொல்றேன்.

மனசுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் ஃப்ராய்ட் 1917-ல எழுதினாரு, துக்கம்னா செத்தவங்க மேல வெச்ச பாசத்த கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு எடுத்துக்குறதுன்னு. மூணு வருஷத்துல அவரு மக சோஃபி காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கு ஒம்போது வருஷம் கழிச்சு ஒரு நண்பருக்கு லெட்டர் போடுறாரு, அந்த இடம் நிரம்பாது, நிரம்பினாலும் அது வேற ஒண்ணாத்தான் இருக்கும், அப்படி இருக்குறதுதான் சரின்னு. இத நம்ம ஊர்ல யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, நவம்பர் 2 கல்லறைத் திருநாள்ல எல்லாரும் மெழுகுதிரியும் பூவும் எடுத்துட்டு போயி, புல்ல பிடுங்கி, கல்ல கழுவி, "உன் பேத்தி பத்தாவது பாஸ் பண்ணிட்டா"ன்னு கல்லறைகிட்ட பேசிட்டு வர்றாங்கல்ல. நீங்க பாத்த எபிசோட் பேரே அந்த நாளோட பேருதான், ஆல் சோல்ஸ், சகல ஆன்மாக்கள். கைய விட்டதுனால ஆள விட்டதா ஆகாதுன்னு அந்த சுடுமணல்ல நிக்குற எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் நவம்பருக்கு நீங்க போயிருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன்.

ஜெபமாலைய குடுக்காதது தப்பே இல்ல. அத்தை கேட்டது வழக்கம், நீங்க வெச்சுக்கிட்டது ஆசை. மணல் மூட்டைக்கு நடுவுல ஸ்கல்லிக்கு அந்த சங்கிலி மட்டும்தான கெடச்சுது, உங்களுக்கு அத மண்ணுக்குள்ள குடுக்க மனசு வரல, அவ்வளவுதான். இப்போதைக்கு ஹேண்ட்பேக்லருந்து எடுத்து மேஜை டிராயர்ல ஒரு கர்ச்சீப்புல வைங்க, பில்லு, சில்லறை, லேப் சாவிக்கு நடுவுல அது கெடக்க வேண்டாம். இந்த நவம்பருக்கு ஊருக்கு போங்க, அண்ணனுக்கு லீவு கெடைக்குமான்னு இப்பவே கேளுங்க. ஜெபம் சொல்ல வாய் வரலன்னா சொல்ல வேண்டாம், சும்மா கைல வெச்சுட்டு நில்லுங்க, ஒரு முனைய அவருகிட்ட குடுங்க.